மூன்றாம் நாள் புள்ளி

உங்களோடு பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டபோது, எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க அனுபவம் மேடம், எதுவா இருந்தாலும் சரி" என்றார்கள். தொலைநோக்கியை எப்படித் திருப்புவது, எடுத்த படத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்றெல்லாம் சொல்லித்தர இந்த மலை வானாய்வகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் பணியில் இருந்த காலத்து மென்பொருள்களில் பாதி இப்போது கிடையாது. ஆகவே ஒரே ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சந்தோஷமான கதை இல்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் போய் இதையா சொல்வது என்று கண்ணமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதுகூட யோசித்தேன். யோசித்து, சொல்வதே நல்லது என்று முடிவு செய்தேன்.

உங்களில் சிலர் கருவிகள் பக்கம் வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எங்கோ வெகு தூரத்தில் பெரிய விண்மீன் ஒன்று இறக்கும்போது, அதன் நடுவிலிருந்து பொருள் இரண்டு பக்கமும் தாரையாகப் பீறிடும். அப்போது எழும் காமா கதிர்களைச் செயற்கைக்கோள் பிடித்து, எங்கள் கைபேசிக்குத் தகவல் அனுப்பும். அந்த வெடிப்பு நொடிகளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அதே இடத்தில் ஒரு மங்கல் வெளிச்சம் மிஞ்சும். பின்னொளி என்போம். அது நாளுக்கு நாள் தேய்ந்து சில நாளில் காணாமல் போகும். என் வேலை அந்தத் தேய்மானத்தை அளப்பது. அது ஏன் அப்படித் தேய்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது வேறு ஆட்களின் வேலை. அவர்கள் போடும் கணக்கைத்தான் மாடல் என்கிறோம். என் அளவும் அவர்கள் கணக்கும் ஒரே தாளில் சந்திக்கும். ஒத்துப்போனால் இரண்டு பக்கமும் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சுகந்தி ஒடுகத்தூர்ப் பெண். அப்பா ஏழுமலை அங்கே பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். வேலூரில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சி மாணவியாக எங்கள் குழுவில் சேர்ந்தாள். வானத்தைப் பார்த்து வளர்ந்தவள் என்றெல்லாம் சொல்ல முடியாது. நட்சத்திரக் கூட்டங்களின் பெயர் கேட்டால் முழிப்பாள். ஆனால் கணக்கில் கை வைத்தால் சோறு மறந்துபோகும் அவளுக்கு. தான் போட்ட கணக்கில் தப்பு கிடைத்தால் கோபப்பட மாட்டாள். தனியாக உட்கார்ந்து சிரிப்பாள். "இன்னா லூசு வேல பண்ணி வச்சிருக்கேன் பாருங்க மேடம்" என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டுவாள்.

அவளுக்குக் கைடு எங்கள் குழுத் தலைவர். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கற்றதுதான். வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் ஒரு சின்னக் கோடு போடுவோம் இல்லையா, எரர் பார், அதில் அவருக்குத் தனி அக்கறை. "இந்த அளவை நான் இவ்வளவு தூரம்தான் நம்புகிறேன்" என்று நாம் கையெழுத்துப் போடும் இடம் அது என்பார். சந்தேகம் அதிகமானால் கோடு நீளும். குழுக் கூட்டத்தில் யார் வரைபடம் காட்டினாலும் அவருடைய முதல் கேள்வி, "இந்தக் கோட்ட யார் போட்டது?" என்பதாகத்தான் இருக்கும். யாரும் கை தூக்காவிட்டால் அந்த வரைபடத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவார்.

சுகந்தியின் மாடல் எளிமையானது, அழகானது. வெடிப்பிலிருந்து பீறிடும் தாரை ஒன்றல்ல, இரண்டு அடுக்கு என்றாள். உள்ளே மெல்லிசாக, வேகமாக ஒன்று. அதைச் சுற்றி அகலமாக, நிதானமாக இன்னொன்று. உள்தாரையின் வெளிச்சம் அடங்கும் சமயத்தில் வெளித்தாரையின் வெளிச்சம் தலையெடுக்கும். ஆகவே பின்னொளி ஒரேயடியாகச் சரிந்துகொண்டே போகாது. நடுவில் கொஞ்சம் தேங்கி நின்று, பிறகுதான் இறங்கும். முதல் நாள் அளவை மட்டும் கொடுத்தால் அந்தத் தேக்கம் எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவள் மாடல் சொல்லிவிடும். பழைய வெடிப்புகள் பலவற்றுக்கு அது சரியாகவே வந்தது. ஆனால் பழைய தரவு விடைத்தாள் மாதிரி. விடையைப் பார்த்துக்கொண்டு போட்ட கணக்கு என்று யாரும் சொல்லிவிடலாம். புதிதாக ஒரு வெடிப்பு நடக்க வேண்டும். முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்க வேண்டும். அவளுடைய ஃபெல்லோஷிப், மாதாமாதம் வந்த உதவித்தொகை, முடிய அந்தப் படிப்பாண்டு மட்டுமே மிச்சம் இருந்தது.

ஐப்பசி மழை இறங்குவதற்குச் சற்று முன்னால் அப்படியொரு வெடிப்பு வந்தது. முதல் நாள் அளவை நான் கொடுத்தேன். அன்று மத்தியானமே சுகந்தி தன் வளைகோட்டை வரைந்து தேநீர் அறைப் பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினாள். மூன்றாம் நாள் தேக்கம் என்றது அது. இரண்டாம் நாள் அளவு அந்த வளைகோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. அதில் ஆச்சரியம் இல்லை, அதுவரைக்கும் எல்லா மாடலும் அதையேதான் சொல்லும். இருந்தாலும் எல்லோருக்கும் முகம் மலர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் வானம் முழுதாகக் கைகொடுக்கவில்லை. மெல்லிய மேகம். அளவு எடுத்தோம். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. பிறகு பல வாரம் மலை மேகத்துக்குள்ளேயே இருந்தது. மேகம் விலகுவதற்குள் பின்னொளி போய்விட்டது. உலகத்தில் வேறு யாரும் அதைத் தொடர்ந்து பார்க்கவில்லை. அதைவிடப் பிரகாசமான இன்னொரு வெடிப்பு அதே சமயத்தில் நடந்து, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். ஆக மூன்றாம் நாள் கதை சொல்ல என் ஒற்றைப் புள்ளிதான் மிஞ்சியது.

அந்தப் புள்ளி சுகந்தியின் வளைகோட்டுக்கு வெகு கீழே இருந்தது. தேக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. வெளிச்சம் விடாமல் சரிந்திருந்தது.

அந்த மழை நாட்களில் ஒரு மத்தியானம் தலைவர் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"மெல்லிசா மேகம் இருந்துச்சுன்னு நீயே எழுதியிருக்க."

"ஆமா சார்."

"மேகம் இருந்தா வெளிச்சம் கொறைவாத்தான் தெரியும்."

"பக்கத்து நட்சத்திரத்தோட ஒப்பிட்டுத்தானே சார் அளக்கறேன். அதுக்கும் சேத்துத்தானே கொறையும்."

"மேகம் எல்லா எடத்துலயும் ஒரே தடிமன்ல இருக்கும்னு யார் சொன்னது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. அவர் புரட்டுப் பேசவில்லை. அந்தக் கேள்வியை நானே என்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"புள்ளிய எடுத்துடுன்னு நான் சொல்லல" என்றார். "அதோட எரர் பார கொஞ்சம் நீட்டிப் போடு. இந்த ஒரு அளவால ஒண்ணும் தீர்மானமாச் சொல்ல முடியலன்னு எழுதிடலாம். பொண்ணு மொதல்ல கரையேறட்டும். அப்புறம் ஆயிரம் வெடிப்பு வரும், அவளே பாத்துக்குவா."

சாயந்திரம் வரைக்கும் நேரம் கேட்டேன். சரி என்று போனார்.

அந்த மத்தியானத்தைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் சொல்ல வேண்டும். ஒரு கோட்டை நீட்டுவதற்கு விரலசைவு போதும். யாரும் கேட்க மாட்டார்கள். மேகம் என்ற காரணம் கையில் தயாராக இருக்கிறது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும். கேட்டவர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். எல்லாம் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருந்தபோது எனக்குப் பயம் வந்தது. நான் என்ன செய்தாலும் அது அவளுக்காகச் செய்ததா, அளவுக்காகச் செய்ததா என்று எனக்கே பிறகு தெரியாமல் போய்விடும் என்ற பயம். அதனால் சுகந்தியின் வளைகோட்டைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். அது எங்கே போகிறது என்று தெரியாமல், மேகத்தை மட்டும் பார்த்தேன். அதே படத்தில், வெடிப்பைச் சுற்றி எல்லாத் திசையிலும், ஏறக்குறைய அதே அளவு மங்கலாக இருந்த நட்சத்திரங்களைப் பொறுக்கி, அவை முந்தின நாட்களில் எப்படி இருந்தன, அன்று எப்படி இருந்தன என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். மேகம் உண்மையிலேயே ஒரே தடிமனில் இல்லை. நான் முதலில் போட்ட கோடு குட்டையானதுதான். நீட்ட வேண்டியிருந்தது, நீட்டினேன். அதற்குப் பிறகுதான் சுகந்தியின் வளைகோட்டைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

என் கோடு அதைத் தொடவில்லை. பக்கத்தில்கூடப் போகவில்லை.

தலைவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி. இது உன் கோடு" என்றார். 

சுகந்தி தேநீர் அறையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"அந்தப் புள்ளி நிக்குதா மேடம்?"

"நிக்குதும்மா."

"மேகம்?"

"அதையும் பாத்துட்டேன்."

தலையாட்டினாள். தம்ளரில் இருந்த தேநீரை முழுக்கக் குடித்தாள். "சரி, நான் போய்ட்டு கணக்க மறுபடி பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டாள். அவளோடு கொஞ்சம் நடந்து போயிருக்கலாம் நான். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் வேகமாகப் போய்விட்டாள்.

தலைவர் அவளுக்கு ஒரு வழி சொன்னார். மாடலில் சில அளவுகளை அவள் நிலையாகக் கட்டி வைத்திருந்தாள். வெளித்தாரை எவ்வளவு அகலம், அதற்கு எவ்வளவு சக்தி, சுற்றியுள்ள வாயு எவ்வளவு அடர்த்தி என்பவை. அவற்றின் கட்டை அவிழ்த்துவிட்டு, தரவுக்கு எது பொருந்துகிறதோ அதை அவையே தேடிக்கொள்ளட்டும் என்றார். இது ஊரில் எல்லோரும் செய்வதுதான். செய்ததும் வளைகோடு என் மூன்று புள்ளிகளின் மேலும் அச்சடித்த மாதிரி படிந்தது. தலைவருக்கு நிம்மதி. தீசிஸை, டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டை, எழுத ஆரம்பிக்கச் சொன்னார். சுகந்தியும் எழுத ஆரம்பித்தாள்.

சில வாரம் கழித்து ஒரு பகல் வேளையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். தப்பு கண்டுபிடித்தால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"மேடம், ஒரு வெடிப்போட மொத நாள எடுத்தேன். வேற வெடிப்போட மத்த நாள அதோட ஒட்டுனேன். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. மாடல் பொருந்துதுன்னு சொல்லுது."

"அப்புறம்?"

"சும்மா எறங்கற மாதிரி நம்பரா நானே போட்டேன். அதுக்கும் பொருந்துது. கடைசியா நம்ம ஹாஸ்டல் தொட்டில தண்ணி கொறையுற கணக்க எடுத்துப் போட்டேன் மேடம். அதுக்கும் வந்து அழகா ஒக்காருது." சிரிப்பு நின்றுவிட்டது. "எதக் குடுத்தாலும் சரிங்குது. இது மாடலே இல்ல மேடம். ஆமாஞ்சாமி."

திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கட்டி வச்சா தப்பா சொல்லுது. அவுத்து வுட்டா எல்லாத்தையும் சரிங்குது. ரெண்டுல எத எழுதறது?"

"உனக்கு எது தோணுது?"

"ரெண்டையும் எழுதணும்னு தோணுது."

அவள் அதைக் குழுக் கூட்டத்தில் சொன்னாள். தொட்டித் தண்ணீர் வரைபடத்தையும் காட்டினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் குரலை உயர்த்தாமல், "அவுத்து விட்டா பொருந்துதுங்கற வரைக்கும் தீசிஸுக்குப் போதும்மா. நாலு பேரு இப்படித்தான் எழுதறாங்க. உன்ன யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க" என்றார். அது உண்மைதான். சுகந்தி, "தெரிஞ்சிட்டுச்சே சார்" என்றாள். அவ்வளவுதான். அவர் கையெழுத்துப் போட மறுக்கவில்லை. தீசிஸை அவள் எழுதியபடியே அனுப்பினார்.

மதிப்பிட்டவர்களில் ஒருவர் பாராட்டி எழுதினார். இன்னொருவர், இதில் புதிதாக என்ன கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். திருத்தி எழுதுவதற்குள் ஃபெல்லோஷிப் முடிந்துவிட்டது. மேற்கொண்டு ஆராய்ச்சி வேலைக்கு அவள் விண்ணப்பித்த இடங்களில், உங்கள் முக்கிய முடிவு என்ன என்ற கேள்விக்கு அவள் எழுதிய பதில், என் மாடல் பொருந்தவில்லை என்பது. தலைவர் தனக்குத் தெரிந்த இடங்களுக்கெல்லாம் அவளுக்காகப் பேசினார். அதை நானே கேட்டிருக்கிறேன். எங்கும் எதுவும் நடக்கவில்லை.

சாமான்களை எடுத்துப் போக ஏழுமலை தன் ஆட்டோவிலேயே மலையேறி வந்திருந்தார். சுகந்தி அலுவலகத்தில் சாவி ஒப்படைக்கப் போயிருந்தாள். நான் மூட்டைகளின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் முதலில் சாலையைப் பற்றிப் பேசினார். மழையில் கொண்டை ஊசி வளைவெல்லாம் பெயர்ந்து கிடக்கிறது என்றார். பிறகு, "ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றார்.

"கேளுங்க."

"பாப்பா எதோ கணக்கு போட்டுச்சாம். அது தப்புன்னு அதுவே கண்டுபுடிச்சிச்சாம். நெசமா?"

"நெசந்தாங்க."

"அத வெளியில சொல்லாம இருந்திருந்தா வேல கெடச்சிருக்குமா?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். "கெடச்சிருக்கலாங்க" என்றேன்.

"அப்ப நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லம்மா. வுட்டுடும்மான்னு. நீங்க சொன்னா கேட்டிருக்கும். உங்க பேச்சதான் வூட்லயும் பேசும்."

"அவ பண்ணதுதாங்க சரி."

"சரிதாம்மா. நான் தப்புன்னு சொல்லல." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "ஸ்டாண்டுல கேப்பானுங்க, இன்னா ஏழுமல, பொண்ணு படிப்பு முடிஞ்சிச்சான்னு. அவனுங்களுக்கு இன்னா சொல்றதுன்னுதான் தெரியல."

சுகந்தி வந்து பின்சீட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டாள். "வர்றேன் மேடம்" என்றாள். ஆட்டோ வளைவில் திரும்பும்வரை நின்றேன்.

டாக்டர் பட்டம் பிறகு வந்தது. வர வேண்டிய நேரம் தாண்டி வந்தது. தலைவர் அதற்கப்புறமும் சில ஆண்டுகள் பணியில் இருந்தார். கூட்டங்களுக்கு ஒழுங்காக வருவார். வரைபடங்களைப் பார்ப்பார். ஆனால் இந்தக் கோட்டை யார் போட்டது என்று அவர் யாரையும் கேட்டு நான் பிறகு கேட்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு அவர் அப்படி ஒரு கேள்வி கேட்பவர் என்றே தெரியாது. ஓய்வுபெற்று வெகுநாள் இருக்கவில்லை, போய்விட்டார்.

நான் செய்தது சரியா என்று யாராவது கேட்டால், சரி என்பேன். அந்தக் கோட்டை அதைவிட நீளமாக என்னால் போட்டிருக்க முடியாது. இன்று போட்டாலும் அதே நீளம்தான். ஆனால் ஏழுமலைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. மாடலைச் சோதித்துப் பார் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். சோதனையில் தோற்றால் நேர்மையாகச் சொல் என்கிறோம். சொன்ன பிறகு உட்கார ஒரு நாற்காலி போட்டு வைப்பதில்லை. நீங்கள் ஒரு நாள் தேர்வுக் குழுக்களில் உட்காருவீர்கள், தீசிஸ்கள் உங்கள் மேசைக்கு வரும். புதிதாக என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் பெண் எதை இழந்து இதை எழுதியிருக்கிறாள் என்று ஒரு தடவை பாருங்கள். அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். நானும் அப்படிப்பட்ட குழுக்களில் இருந்தேன். எங்களால் பெரிதாக ஒன்றையும் மாற்ற முடியவில்லை.

அவளைப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். நான் ஓய்வுபெறும் ஆண்டு. பொதுமக்களுக்குத் தொலைநோக்கியில் கிரகம் காட்டும் சனிக்கிழமை சாயந்திரம். அருவி பார்க்க வந்த சென்னை வேன் ஒன்று வாசலில் நின்றது. இறங்கிய கூட்டம் வரிசையில் நின்றது. அதில் சுகந்தி இருந்தாள். சற்றுச் சதை போட்டிருந்தாள். கண்ணாடி அணிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு ஒதுங்கி வந்தாள்.

"ஆபீஸ்ல எல்லாரும் சேந்து டூர் வந்தோம் மேடம்."

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறாளாம். மழை பொய்த்தால் எந்தப் பயிருக்கு எவ்வளவு சேதம் என்று கணக்குப் போடும் வேலை.

"அங்கயும் மாடல்தானா?"

"அங்கயும் மாடல்தான். அத யாரும் டெஸ்ட் பண்ணிப் பாக்கச் சொல்றதில்ல." லேசாகச் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை.

கட்டை அவிழ்த்துவிட்ட மாடல்கள் எதற்கும் பொருந்திவிடும், அவற்றை நம்பக் கூடாது என்று வெளிநாட்டுக் குழு ஒன்று அண்மையில் விரிவாக எழுதியிருந்ததை அவளிடம் சொன்னேன்.

"படிச்சேன் மேடம். நல்லா பண்ணியிருக்காங்க."

"உன் தீசிஸ..."

"இல்ல. அதுல என் பேரு இல்ல. நானும் தேடிப் பாத்தேன்."

எனக்கு அதற்குமேல் கேட்காமல் இருக்க முடியவில்லை. இப்போதானால் என்ன செய்வாய், திரும்பவும் அப்படியே எழுதுவாயா என்று கேட்டேன். அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத மட்டும் கேக்காதீங்க மேடம்" என்றாள்.

பெரிய தொலைநோக்கியில் புதுக் கருவி பொருத்தியிருக்கிறோம், உள்ளே வா, காட்டுகிறேன் என்றேன். வேனில் வந்தவர்களில் யாரோ அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள்.

"வேணாம் மேடம். நான் இங்க இருந்தது இவங்க யாருக்கும் தெரியாது. வரிசையிலயே வர்றேன்."

திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள். முன்னால் நின்ற பெண் அவளிடம் எதையோ கேட்டாள். தெரியவில்லை என்பதுபோல் சுகந்தி உதட்டைப் பிதுக்கினாள். அவள் முறை வந்ததும் குனிந்து பார்த்தாள். மற்றவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்களோ அவ்வளவு நேரம்தான் பார்த்தாள். பிறகு அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்து, படியிறங்கி, வேன் நின்ற பக்கம் போனாள்.